கொல்கத்தா போய்வந்த இரண்டு மூட்டைகள்

தணிகை மலையடிவாரத்தில், ஆடி மாதத்தில் காவடிக் கூட்டத்துக்குக் கதவு திறந்த இதே மண்டபத்தில், இன்று தறிக்கும் துறைமுகத்துக்கும் சம்பந்தம் பேசக் கூடியிருக்கும் நம் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, நான் எவ்வளவு நேரம் பேசுவேனோ என்ற கவலையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் சங்கத் தலைவர் தணிகைமணி அவர்களே. கப்பல் வேண்டாம் என்று மேடை ஏறிச் சொல்லவே அரக்கோணத்திலிருந்து வந்திருக்கும், ஏழு லாரிகளின் உரிமையாளர் கலீமுல்லா பாய் அவர்களே. பாவு ஓட்டிப் பழகிய கால்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் அடுப்பை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கும் தாய்மார்களே. விசைத்தறி ஓசையில் பாதிக் காது போனாலும் மீதிக் காதை எனக்காகக் கொண்டுவந்திருக்கும் தம்பிமார்களே. உங்கள் எல்லோருக்கும் சங்கச் செயலாளர் காஞ்சனாவின் வணக்கம்.

மைக் கேட்கிறதா? கடைசி வரிசையில் கேட்கிறதா? கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள். ஆனால் இப்போது தூக்கும் கையை நான் வாக்காக எண்ணிக்கொள்ள மாட்டேன். வாக்கு கடைசியில்தான்.

என்ன வாக்கு? கார்த்திகைச் சரக்கு. பன்னிரண்டாயிரம் லுங்கிகள் கொல்கத்தா போக வேண்டும். கப்பலிலா, லாரியிலா? கேள்வி இவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நூற்றிநாற்பது வீட்டுத் தறி நிற்கிறது. லாரியில் அனுப்பினால் வாடகை ஏறிய ஏற்றத்தில் நம் விலை கட்டாது, வேறு ஊர்ச் சரக்கை வாங்கிக்கொள்கிறோம் என்று கொல்கத்தா வியாபாரி எழுதிவிட்டார். கப்பலில் அனுப்பி, ஆடியில் நடந்தது போல ஒரு துணியில் ஒரு கரும்புள்ளி இருந்தாலும், இனி இந்த ஊர்ப் பக்கமே திரும்ப மாட்டோம் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதியிருப்பேன்.

கடலைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். கடலில் கால் நனைத்தவள், கப்பலில் கால் வைக்காதவள். நான் கண்டதெல்லாம் மடிப்புக் கூடம். பதினேழு வருடமாகக் கட்டு கட்டி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. ஆனால் அன்பானவர்களே, இங்கிருந்து எண்ணூர்த் துறைமுகத்துக்கு எவ்வளவு தூரம்? காலையில் கிளம்பிய வண்டி மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே கடல் இருக்கிறது. கடலுக்கு மேடு இல்லை, பள்ளம் இல்லை, சுங்கச்சாவடி இல்லை. குஜராத்தின் உப்பும், தூத்துக்குடியின் சரக்கும், ஆந்திரத்தின் தரைக்கல்லும் கரையோரமாகவே கப்பலேறி, ஊர் மாறிப் போய்க்கொண்டிருக்கின்றன. கரையோரக் கப்பலுக்கென்று தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஒரே எடையை ஒரே தூரம் கொண்டுபோக லாரி குடிக்கும் எண்ணெயில் கப்பலுக்கு நாலில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை என்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகும் கப்பலைப் பற்றித்தான் நாம் கதை கேட்டிருக்கிறோம். உள்நாட்டுக்குள்ளேயே, ஒரு துறைமுகத்தில் ஏற்றி அடுத்த துறைமுகத்தில் இறக்கும் கப்பலைப் பற்றி யார் நமக்குச் சொன்னார்கள்? வளர்கிற நாட்டில் ரோடு வளர்கிறது, ரயில் வளர்கிறது. கடல் மட்டும் வேடிக்கை பார்க்க வைத்த பொருளா?

இப்படியெல்லாம் பேசித்தான் ஆடியில் உங்களைச் சம்மதிக்க வைத்தேன். ஆமாம், பேசியது நான்தான். அங்கே யாரோ தலையாட்டுகிறார்கள். நன்றாக ஆட்டுங்கள்.

என்ன நடந்தது? நமக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குத் தறி நிற்கும், முடிந்த சரக்கு வீட்டில் தங்காது. கிருத்திகைக்கு முன்னாலேயே கட்டுகளை அனுப்பிவிட்டு, வீட்டைக் கழுவி, மஞ்சள் துணி உடுத்தி மலைக்குக் கிளம்புவோம். இன்னொரு வழக்கமும் உண்டு. கஞ்சி போட்ட லுங்கியை மடிக்கும் முன் கையால் தண்ணீர் தெளிப்போம். தெளித்தால்தான் மடிப்பு கத்தி போல நிற்கும். அன்றைக்கு மடிப்புக் கூடத்தில் ஐம்பது பெண்கள். அவசரம். வானம் வேறு மூட்டம். அம்சா என்னைக் கேட்டாள், அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாளே அவள்தான், "யக்கா, காயவே இல்ல, இன்னும் தெளிக்கணுமா?" என்று. நான் என்ன சொன்னேன்? "நல்லா தெளிம்மா. கொல்கத்தாகாரன் மொதல்ல மடிப்பத்தான் பாப்பான்." அப்படிச் சொல்லி, தெளித்து, மடித்து, பிளாஸ்டிக் பை போட்டு இறுக்கி, எண்ணூருக்கு அனுப்பி, கன்டெய்னர் என்கிற இரும்புப் பெட்டியில் அடைத்தோம். அடைத்துவிட்டு மலைக்குப் போய்க் கும்பிட்டோம்.

பெட்டியைக் கொல்கத்தாவில் திறந்தார்கள். படம் வந்தது. நீங்கள் எல்லோரும் செல்போனில் பார்த்த படம். கட்டுக்குக் கட்டு கரும்புள்ளி. எல்லப்பன் அண்ணனின் பதினோரு கட்டும் மேலே இருந்தன, பதினொன்றும் போயிற்று. அவர் இரண்டு தறியை நிறுத்தினார். மகன் கதிரவனை ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இரண்டு மாதம் நான் அவர் வீட்டு வழியாகப் போகவில்லை. சந்தைக்குப் போவதற்குச் சுற்றுத்தெரு வழியாகப் போனேன். வெட்கமாக இருந்தது, வேறு என்ன சொல்ல?

அப்போது நாம் யாரைக் குறை சொன்னோம்? கடலைச் சொன்னோம். "கடல் தண்ணி பூந்துட்சி" என்றோம். தெருவுக்குத் தெரு சொன்னோம், டீக்கடைக்கு டீக்கடை சொன்னோம். நானே சங்கத் தாளில் கையெழுத்துப் போட்டு, கப்பலில் கடல்நீர் புகுந்ததால் சரக்கு கெட்டது என்று எழுதினேன். வாயில்லாத கடல், வழக்குப் பேச வராத கடல், நம் பழியை எல்லாம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன் தலைவரே.

கலீமுல்லா பாய்க்கு ஒரு மகள், தஹ்சீன். எண்ணூருக்கு வடக்கே கடலோரத்தில் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அப்பா லாரி வைத்திருக்கிறார், மகள் கப்பல் கட்டுகிறாள், வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசிக்கொள்வார்களோ தெரியாது. சிரிக்காதீர்கள் பாய், உங்கள் வீட்டம்மா நிஷாத் பேகமே இதைச் சொல்லித்தான் என்னிடம் சிரித்தார். அந்தப் பெண் விடுமுறைக்கு வந்தபோது, திரும்பி வந்த சரக்கிலிருந்து ஒரு லுங்கியை என் கூடத்தில் பார்த்தாள். எடுத்தாள். ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரில் புள்ளி விழுந்த மூலையை முக்கிப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். நான் பதறிப்போனேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "உப்பே இல்ல ஆன்ட்டி. கடல் தண்ணினா உப்பு கரிக்கும். இது உங்க ஊரு தண்ணி."

உங்கள் ஊர்த் தண்ணீர். கேட்டீர்களா? நூற்றிநாற்பது வீட்டுக்காரர்கள் கூடி, தீர்மானம் போட்டு, தாளில் எழுதினோமே, ஒருவராவது நாக்கில் வைத்துப் பார்த்தோமா? உப்பு என்பது நமக்குத் தெரியாத பொருளா?

அப்புறம் அவள் தன் வேலையைச் சொன்னாள். நான் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது. கப்பலை ஒரேயடியாகக் கட்டுவதில்லை. வீடு அளவு இரும்புத் துண்டு துண்டாகச் செய்து, கிரேனில் தூக்கி, ஒன்றோடு ஒன்றாக வெல்டிங் வைக்கிறார்கள். பிறகு பெயின்ட். கப்பலின் ஆயுளே அந்தப் பெயின்டில் இருக்கிறது. தஹ்சீனின் வேலை பெயின்ட் அடிப்பது இல்லை. அடிக்கலாமா கூடாதா என்று சொல்வது. ஒரு சின்னக் கருவியை இரும்பில் ஒட்டவைத்துப் பார்ப்பாள். காற்றில் இருக்கும் ஈரம் எந்தக் குளிரில் தண்ணீராக மாறுமோ, அதைவிட மூன்று டிகிரியாவது இரும்பு சூடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு வேர்க்கும். கண்ணுக்குத் தெரியாமல் வேர்க்கும். அந்த வேர்வைமேல் அடித்த பெயின்ட் ஒரு வருடத்தில் உரிந்துவிடும். ஐஸ் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தால் வெளியே முத்து முத்தாக நிற்கிறதே, அதே சங்கதி.

ஒரு காலை, நாற்பது பேர் பெயின்டைக் கலக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தண்ணீரில் இறக்க நாள் குறித்த கப்பல். மேலாளர் வந்து, "என்னம்மா, வெயில் வந்திருச்சே, ஆரம்பிக்கலாமா?" என்கிறார். இவள் கருவியைப் பார்க்கிறாள். "இரும்பு வேர்த்துகினு இருக்கு சார். பத்து மணிக்கு மேல பாக்கலாம்" என்கிறாள். நாற்பது பேர் முன்னால், நாள் குறித்த கப்பல் முன்னால், இருபத்தாறு வயதுப் பெண் முடியாது என்கிறாள். நிறுத்தினார்கள். பத்தரைக்கு ஆரம்பித்தார்கள். அந்தக் கப்பல் இன்று கரையோரமாகச் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது.

நான் அன்று என் கூடத்தில் நின்று யோசித்தேன். அங்கே ஒரு பெண் ஈரம் என்றால் கப்பலையே நிறுத்துகிறாள். இங்கே ஒரு பெண் காயவில்லை என்றாள். நான் இன்னும் தெளி என்றேன். அம்சா, அன்றைக்கு நீ சொன்னது சரி. இதை மேடையில் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். கைதட்டல் எனக்கு வேண்டாம், அவளுக்குத் தட்டுங்கள்.

ஆங், அங்கே ஒரு பெரியவர் கேட்கிறார், லாரியில் போனபோதும் இதே தண்ணீர்தானே தெளித்தோம், அப்போது ஏன் கெடவில்லை என்று. நல்ல கேள்வி ஐயா. லாரியில் தார்ப்பாய் மட்டும்தான், பிளாஸ்டிக் பை கப்பலுக்கென்று ஆடியில் புதிதாகப் போட்டது. நாலு பக்கமும் காற்று. நெல்லூர் தாண்டுவதற்குள் நம் துணி ஓரளவு காய்ந்துவிடும். நம் அவசரத்தை இத்தனை வருடமும் காற்று காயவைத்துக் கொடுத்தது, நாம் அது நம் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டோம். இரும்புப் பெட்டியில் காற்றுக்கு வழி இல்லை. பகலில் பெட்டி கொதிக்கும், துணியின் ஈரம் ஆவியாகும். இரவில் பெட்டி குளிரும், அந்த ஆவி கூரையில் வேர்த்து, துணிமேலேயே சொட்டும். கொல்கத்தா போய்ச் சேரும்வரை ஒன்பது நாள் இப்படி. உள்ளே ஒரு சின்ன மழைக்காலம்.

கலீமுல்லா பாய் இதற்கு ஒப்புக்கொண்டாரா? இல்லை. சொந்த மகள் சொல்லியும் ஒப்பவில்லை. "காஞ்சனாம்மா, எம் பொண்ணு கப்பலுக்குத்தான் பேசுவா. நீங்க கப்பல்ல அனுப்பி என் டிரைவருங்க சும்மா உக்காரணுமா?" என்றார். நியாயமான கோபம். நான் மூடி மறைக்க மாட்டேன். கொல்கத்தா ஓட்டம் நின்றால் அவருடைய ஏழு வண்டியில் இரண்டுக்கு வேலை குறையும். மீதி ஐந்து, ஊருக்கும் எண்ணூருக்கும் ஓடும். அவருடைய டிரைவர் அல்தாஃபைக் கேட்டேன். கொல்கத்தா போய் வர அவருக்குப் பதினைந்து நாள், சில சமயம் இருபது நாள். "எண்ணூரு போனா சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருவேன்கா. எம் பொண்ணுக்கு நான் யாருன்னு தெரியும்" என்றார். ஆனாலும் இரண்டு வண்டி இரண்டு வண்டிதான். அந்தக் கணக்கு பாய் மனதில் உறுத்துவது எனக்குத் தெரியும். நம் தறிக்கழிவு நூலைத்தான் கப்பல் தளங்களில் எண்ணெய் துடைக்க மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள் என்று தஹ்சீன் சொன்னாள். அந்த இரண்டு வண்டிக்கும் அந்த ஓட்டம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் பேச்சு எதற்கு, பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இதோ, இந்த மேசைமேல் இரண்டு மூட்டைகள். ஏன் இவ்வளவு நேரம் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள் என்று முன்வரிசையில் கிசுகிசுத்தீர்களே, இதுதான். ஆவணியில் கட்டியவை. சிவப்புக் கயிறு போட்டது ஆடியில் செய்த முறை. தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் போட்டு இறுக்கியது. தெளித்தது என் கை, மடித்தது என் கை. வெள்ளைக் கயிறு போட்டது புது முறை. இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, தெளிக்காமல் மடித்து, பிளாஸ்டிக் இல்லாமல், வெளுக்காத கோராத் துணியில் சுற்றியது. இரண்டுக்கும் அரக்கு முத்திரை வைத்தவர் யார்? கப்பல் வேண்டாம் என்கிற கலீமுல்லா பாய். அவர் வைத்தால்தான் நீங்கள் நம்புவீர்கள். தரைக்கல் ஏற்றிப் போன பெட்டி ஒன்றில், வெள்ளைக் கயிற்றைப் பலகைமேல் தூக்கி வைத்து, மேலே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் தொங்கவிட்டு, சிவப்பைத் தரையிலேயே போட்டு, கொல்கத்தா அனுப்பினோம். அங்கே கல்லை இறக்கினார்கள், மூட்டையைத் தொடவில்லை. அதே பெட்டியில் இரண்டும் திரும்பி வந்தன. போக வர இருபத்தாறு நாள். நடுவில் நான்கு நாள் நல்ல மழை.

முத்திரை உடையவில்லை. பாய் பார்த்துச் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இரண்டும் சுத்தமாக இருந்தால் நான் சொன்ன காரணம் தப்பு. இரண்டும் கெட்டிருந்தால் கப்பலை மறந்துவிடுவோம், இந்தச் செயலாளர் பதவியையும் நான் தலைவரிடம் இங்கேயே கொடுத்துவிடுவேன். தாய்மார்களே, என் வாழ்நாளில் என் கை மடித்த துணி கெட்டுப் போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் முறை.

எல்லப்பன் அண்ணா, மேலே வாங்க. நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும். இழந்தவர் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும். வழி விடுங்கள், படி உயரம், பார்த்து. கத்திரிக்கோல் இதோ. முதலில் சிவப்பு.

நறுக்குங்கள். பிளாஸ்டிக்கைக் கிழியுங்கள். விரித்துக் காட்டுங்கள், கடைசி வரிசைக்கும் தெரியட்டும்.

ஆமாம். அதே கரும்புள்ளி. வாசனை முன்வரிசை வரை வந்துவிட்டது. மூக்கைப் பொத்துகிறார்கள். பொத்த வேண்டாம், நன்றாகப் பாருங்கள். இது கடல் செய்தது இல்லை. இந்தக் கை செய்தது. ஆடியில் போன உங்கள் பதினோரு கட்டும் இந்தக் கை சொல்லிக் கெட்டதுதான் அண்ணா. மேடையில் கேட்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வெள்ளைக் கயிற்றைத் தொடுகிறார். சரி, நறுக்குங்கள்.

கோராத் துணி. முதல் லுங்கி. விரியுங்கள். இரண்டாவது. நடுவிலிருந்து ஒன்று எடுங்கள், நடுவில்தான் ஈரம் தங்கும். அடியிலிருந்தும் ஒன்று. வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். அம்சா, நீயும் மேலே வா, உன் கண்ணால் பார். புள்ளி இருக்கிறதா? எங்காவது ஒரு கடுகளவு? என்ன அண்ணா, முகர்ந்து பார்க்கிறீர்கள்? மைக்கில் சொல்லுங்கள்.

"கஞ்சி வாசனதாம்மா வருது. நேத்து மடிச்ச மாதிரி கீது."

நேற்று மடித்த மாதிரி இருக்கிறது. இருபத்தாறு நாள் கடலில் போய்வந்த துணியைப் பற்றி, பதினோரு கட்டு இழந்த மனிதர் சொல்கிறார்.

அன்பு உள்ளங்களே, கப்பல் கட்டுகிற தேசம் என்றால் என்ன? இரும்பு மட்டுமா? கிரேன் மட்டுமா? ஈரம் இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள்; அந்த ஆள் சொன்னால் நிறுத்துகிற நாற்பது பேர். அது எண்ணூரில் இருக்கிறது. அது இருந்தால்தான் கப்பல் மிதக்கும். அது நம் மடிப்புக் கூடத்துக்கும் வந்தால்தான் கப்பலில் நம் துணி போகும். கிருத்திகை வரும், போகும். முருகன் ரெண்டு நாள் பொறுப்பான். காயாத துணியைக் கட்டிவிட்டு அவன்முன் போய் நின்றால்தான் அவனுக்கு வருத்தம். இனி காயவில்லை என்று கூடத்தில் எந்தப் பெண் சொன்னாலும் கட்டு நிற்கும். நான் சொன்னாலும் போகாது. இதைத் தீர்மானத்தில் முதல் வரியாகப் போட வேண்டும் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது வாக்கு. கார்த்திகைச் சரக்கு கப்பலில் போகலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

எண்ணுங்கள் தலைவரே. அம்மையார்குப்பத்து வரிசை முழுதும். பொதட்டூர்பேட்டையில் அங்கே நாலைந்து கை தூக்கவில்லை, இருக்கட்டும், யோசிக்கிறவர்களும் வேண்டும். எல்லப்பன் அண்ணா, உங்கள் கையில் லுங்கி இருக்கிறது, இன்னொரு கையைத் தூக்குங்கள். சரி.

பாய் ஏதோ கேட்கிறார். கொஞ்சம் அமைதி. மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.

"எண்ணூருக்கு வண்டி என்னிக்கி வேணும்னு கேட்டேன் காஞ்சனாம்மா. நாளைக்கே கொண்டாரட்டுமா?"

நாளைக்கு வேண்டாம் பாய். துணி ரெண்டு நாள் காயணும். வெள்ளிக்கிழமை காலையில் கொண்டு வாங்க, அல்தாஃபையே அனுப்புங்க.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் தலைவருக்கும், இங்கே வராமலே இந்தக் கூட்டத்தை நடத்திவைத்த தஹ்சீனுக்கும், இத்தனை நாள் வீண்பழி சுமந்த கடலுக்கும் என் நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.